யாரம்மா

"மேடம், டீ கொண்டாந்து வெச்சுட்டாங்க" என்று வாசலிலிருந்து யாராவது சொன்னால், அவர் கேஸ் கட்டிலிருந்து தலையைத் தூக்காமலே "யாரு?" என்பார். கொண்டுவந்தவன் பெயர் தெரிந்த பிறகுதான் டம்ளரில் கை வைப்பார். "ஃபேனை நிறுத்திட்டாங்க மேடம்" என்றாலும் அதே கேள்விதான். அவர் அறைக்கு வந்து போகும் கோர்ட் ஏட்டு ஒருநாள் பொறுக்க முடியாமல், "கரண்ட்டு மேடம், வேற யாரு" என்று சொல்லிவிட்டார். மேடம் சிரித்தார். "அப்ப கரண்ட் போச்சுன்னு சொல்லுங்க. நிறுத்திட்டாங்கன்னா நான் யாரைத் தேடுறது?" என்றார்.

திருப்பத்தூர் கோர்ட்டில் அவர் அரசு உதவி வழக்கறிஞர். எங்கள் மலையில் அவருடைய சொந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. யாரம்மா என்பார்கள். எனக்குப் பெயர் தெரியும், ஆனால் எழுதப்போவதில்லை. ஊரில் உள்ள எல்லாரையும் பெயர் சொல்லச் சொன்னவரைப் பெயர் சொல்லாமல் எழுதுவதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

குள்ளமான உருவம். கறுப்புக் கோட்டு பெரும்பாலும் நாற்காலி முதுகில்தான் தொங்கும். மத்தியானத்தில் சாப்பாட்டை விட வேகவைத்த வேர்க்கடலையை உரித்துத் தின்றதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். குடியாத்தம் பக்கத்துப் பேச்சு. கோர்ட்டுக்குள் சுத்தத் தமிழ் பேசுவார், வராந்தாவுக்கு வந்ததும் "இன்னாப்பா" ஆகிவிடும். கோபம் வந்தால் குரல் உயராது. அந்த "யாரு" மட்டும் இன்னும் கொஞ்சம் தாழ்ந்து வரும்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டுக்காரன். பி.ஏ. தமிழ் படித்துவிட்டு ஷேர் ஜீப் ஓட்டுகிறேன். தமிழ் படித்தவன் ஜீப் ஓட்டுவதா என்று கேட்பவர்களிடம், எங்கள் ரோட்டில் ஜீப் ஓட்டத் தமிழ்தான் முதலில் வேண்டும் என்று சொல்வேன். பத்துப் பேர் உட்காரும் இடத்தில் இருபது பேரை உட்காரவைக்க இனிமையாகப் பேசத் தெரிய வேண்டாமா?

எங்கள் மலையில் ஓர் ஆளைப் பற்றிப் பேசும்போது பெயரை முன்னால் கொண்டுவந்து நிறுத்த மாட்டோம். "குடுத்தாங்க", "சொன்னாங்க", "எடுத்துனு பூட்டாங்க", அவ்வளவுதான். கேட்பவனுக்கு யாரென்று தெரியும். தெரியாதவனுக்குத் தெரிய வேண்டியதில்லை. இதைத் தோன்றா எழுவாய் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பாருங்கள், இப்போது எழுதும்போதுகூட அந்த அம்மாவின் குரல் காதில் விழுகிறது.

மலைமேல் எங்கள் பக்கம் பெட்ரோல் பங்க் இல்லை. டிராக்டர் வைத்திருப்பவர்கள், கதிரடிக்கும் மிஷின் வைத்திருப்பவர்கள், கிணற்றில் ஆயில் இன்ஜின் போட்டவர்கள் எல்லாரும் டீசலுக்கு அடிவாரத்து பங்க்கைத்தான் நம்ப வேண்டும். ஆளுக்கு ஆள் இறங்கி ஏற முடியாது. அதனால் காலையில் கேன்களை என் ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள், சாயங்காலம் நான் நிரப்பிக்கொண்டு வருவேன். கேன் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் ஒவ்வொரு வீட்டிலும் தங்கள் பழைய புடவையில் ஒரு துண்டைக் கிழித்துக் கைப்பிடியில் கட்டிவிடுவார்கள். மஞ்சள் பூப்போட்டது ஒரு வீடு, கத்தரிப்பூ கலர் ஒரு வீடு. எனக்குக் கூலி என்று எதுவும் கிடையாது. பலா பழுத்தால் பலா வரும், புளி உலுக்கினால் புளி வரும்.

அந்த வருஷம் சாமை நன்றாக விளைந்திருந்தது. கதிரை அறுத்துக் களத்தில் போட்ட நேரம் பார்த்து பங்க்கில் "ஸ்டாக் இல்லை" என்ற பலகை தொங்கியது. லாரி வந்து டீசல் இறக்கிவிட்டுப் போவதைக் கண்ணால் பார்ப்போம். மறுநாள் பலகை தொங்கும். பங்க்குக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அங்கே போனால் பேரலிலிருந்து ஊற்றிக் கொடுப்பார்கள், விலை மட்டும் வாய்க்கு வந்தது. கொட்டகையில் நின்று விற்றவர் பங்க் முதலாளியின் மச்சான். எல்லாருக்கும் தெரியும். ஆனால் மலையில் பேச்சு எப்படி இருந்தது என்றால், "கொட்டாய்ல குடுக்கறாங்களாம்". மழை பெய்கிறது என்பதுபோலத்தான் அதையும் சொல்லிக்கொண்டோம்.

ஒருநாள் முதலாளியே வாசலுக்கு வந்து சிரித்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். லோடு வந்திருக்கிறது, மலைக்காரர்கள் கஷ்டப்படுகிறீர்கள், எல்லாக் கேனையும் கொண்டுவந்து பிடித்துக்கொள் என்றார். மீட்டர் விலைதான். அதுவரை அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அந்தச் சிரிப்பிலேயே உஷாராகியிருக்க வேண்டும். நானோ குலதெய்வத்துக்கு நன்றி சொல்லிவிட்டு ஜீப் நிறையக் கேன்களோடு மலை ஏறினேன். செக்போஸ்ட்டில் போலீஸ் நின்றுகொண்டிருந்தது.

பங்க்கில் சோதனை வரப்போகிறதென்று முதலாளிக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. கொட்டகை வழியாகப் போன டீசலுக்குப் பழி போட ஒரு ஆள் வேண்டும். அதற்குத்தான் என் ஜீப்பை நிரப்பி அனுப்பிவிட்டு, மலையில் நான் கள்ள மார்க்கெட்டில் டீசல் விற்பதாக என் பெயரோடு அவரே தகவலும் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்கு போலீஸ்காரர், "இத்தினி கேனும் யாருதுடா?" என்று கேட்டார். நான், "நம்முதுங்க" என்றேன்.

எங்கள் வாயில் வேறு என்ன வரும்? வீடு, நிலம், மாடு, ரோடு, அருவி எல்லாமே எங்களுக்கு நம்முதுதான். அது காகிதத்தில் ஏறும்போது "அனைத்தும் என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார்" என்று ஆகிவிட்டது. நான் உள்ளே போனேன். ஜீப்பை ஸ்டேஷன் பின்பக்கம் வெயிலில் நிறுத்திவிட்டார்கள். அரசுடைமை ஆகிவிடும், திரும்ப வராது என்றார்கள். ஊரில் பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் கூப்பிட்ட நேரத்துக்கு இருந்த ஒரே வண்டி அது. எனக்குச் சோறு போட்டதும் அதுதான். ஜெயிலில் உட்கார்ந்து நான் அழுதது எனக்காகவா வண்டிக்காகவா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஜாமீன் மனு வந்த அன்றுதான் அவரை முதலில் பார்த்தேன். என்னை வெளியே விடக் கூடாது என்று சொல்வதற்காக எழுந்து நின்ற சர்க்கார் வக்கீல் அவர். எனக்கு அவரைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. நீதிபதி என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். "ஐயா, அதெல்லாம் நம்முதுங்க. என்னுது ஒரு கேன்கூட இல்லீங்க" என்றேன்.

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. வக்கீலம்மா மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த கேஸ் கட்டை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நம்முதுன்னா யாரு யாரு?"

"நாமதாங்க மேடம்."

"நாமன்னா எதிர்ல நிக்கிற என்னையும் சேத்துக்கற பேச்சு. அப்ப எனக்கும் அதுல ஒரு கேன் இருக்குதா?"

உளப்பாட்டுத் தன்மைப் பன்மை. பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கிய கேள்வி. குற்றவாளிக் கூண்டில் நின்றுகொண்டு அது எனக்கு ஞாபகம் வந்தது என்றால் நம்புவீர்களா?  அவர் விசாரணை அதிகாரியிடம் திரும்பி, "என்னுடையது என்ற சொல்லை யார் சொன்னது?" என்று கேட்டார். அதிகாரி காகிதத்தைப் புரட்டினார், என்னைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் புரட்டினார். ஜாமீனுக்குத் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றும், அந்த நாம் என்பது யார் யார் என்று விசாரித்துவிட்டு வரட்டும் என்றும் சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகுதான் எங்கள் ஊர்ப் பெண்கள் கேன்களைத் திருப்பிக் கேட்டு கோர்ட்டுக்கு இறங்கி வந்தார்கள். வராந்தாவில் கேன்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொருத்தியும் கிழித்ததுபோக மீதிப் புடவையைச் சுருட்டி எடுத்து வந்திருந்தாள். துண்டைப் புடவையோடு வைத்தால் பூவோடு பூ சேர்ந்தது. ஒருத்தி மட்டும் வெறுங்கையோடு வந்திருந்தாள். புடவை எங்கே என்று கேட்டதற்கு முந்தானையை விரித்து, கிழிந்த இடத்தைக் காட்டினாள். கட்டிக்கொண்டே வந்துவிட்டாள்.

அவர் ஒவ்வொரு கேனையும் காட்டி "யாரோடது?" என்று கேட்டார். முதலில் நின்ற பெண் பழக்கத்தில் "நம்முதும்மா" என்றாள். அவர் அசையாமல் பார்த்துக்கொண்டே நின்றார். அவள் யோசித்துவிட்டு, "எங்க வூட்டுது. உங்குளுது இல்லம்மா" என்றாள்.

"இதைத்தான் கேட்டேன்" என்று அவர் அப்போதுதான் சிரித்தார்.

திரும்பி வந்த பஸ்ஸில் வழி நெடுக அவர் பேச்சுதான். ஒருத்தி அவரைப்போலவே இடுப்பில் கைவைத்து "யாரு?" என்று கேட்பதும் மற்றவர்கள் சிரிப்பதுமாக வந்தார்கள். யாரம்மா என்ற பெயர் அந்த பஸ்ஸில் வைத்ததுதான்.

குற்றப்பத்திரிகையில் என் பெயர் சாட்சிப் பக்கத்துக்குப் போனது. முதலாளியின் பெயரும் மச்சானின் பெயரும் மேலே ஏறின. கொட்டகையைத் திறந்து பேரல்களை எடுத்தார்கள். ஜீப்பும் கோர்ட் உத்தரவில் வெளியே வந்தது. பேட்டரி செத்து, சீட்டில் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. ஸ்டேஷன் வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்தோம். அப்படித் தள்ளுவதுகூட எனக்குத் தேர் இழுப்பதுபோல இருந்தது.

சாட்சியான பிறகு அவர் அறைக்குப் பல தடவை போக வேண்டியிருந்தது. வாய்தா வாய்தாவாக வழக்கு இழுத்தது. அங்கே உட்கார்ந்துதான் அவரைக் கவனித்தேன். "வேலை நடந்துருக்குது, ஆளக் காணோமே" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை. போலீஸ் எழுதிக்கொண்டு வரும் காகிதங்களில் "பதுக்கி வைக்கப்பட்டிருந்தது", "விற்கப்பட்டதாகத் தெரிகிறது" என்று இருக்கும் இடங்களில் எல்லாம் பென்சிலால் ஒரு சின்னக் கொக்கி போடுவார். அந்தக் கொக்கிக்குப் பதில் வராமல் காகிதம் மேலே போகாது. ஏட்டுக்கு இதில் எரிச்சல். வீட்டில்கூட அவரால் நிம்மதியாகச் சோறு தின்ன முடியவில்லையாம். சாம்பாரில் உப்பு அதிகமாகிவிட்டது என்று மனைவி சொன்னதற்கு யார் போட்டது என்று கேட்டுவிட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டாராம்.

அந்த ஏட்டுதான் ஒருமுறை ரகசியம்போலச் சொன்னார். மேடம் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவருடைய அப்பாவை ஒரு லாரி இடித்துவிட்டுப் போய்விட்டதாம், யாரென்று கடைசிவரை தெரியவில்லையாம், அதனால்தான் இப்படியாம். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் அந்த அறையின் காற்று என்னையும் கெடுத்திருந்தது. "யாரு சொன்னாங்க?" என்று கேட்டேன். ஏட்டு தலையைச் சொறிந்தார். மேடத்திடமே கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பங்க் மேனேஜரை அவர் விசாரித்த அன்று நான் கோர்ட்டில் இருந்தேன். மேனேஜர் நன்றாகப் பாடம் படித்துக்கொண்டு வந்திருந்தார். டீசல் வந்தது, விற்றது, ஸ்டாக் தீர்ந்துவிட்டது, அதனால் பலகை மாட்டப்பட்டது என்று ஒப்பித்தார்.

"யாருக்குத் தீர்ந்தது?" என்று அவர் கேட்டார்.

மேனேஜர் திணறினார். மலையிலிருந்து வந்தவர்களுக்குத் தீர்ந்துபோன அதே நாளில் கொட்டகைக்கு மட்டும் எப்படித் தீரவில்லை என்று அடுத்த கேள்வி வந்தது. பலகையை மாட்டியது யார், மாட்டச் சொன்னது யார் என்று அதற்கு மேலே இரண்டு.  எனக்கு விசில் அடிக்க வேண்டும்போல இருந்தது. அப்புறம்தான் உறைத்தது, அடுத்து அந்தக் கூண்டில் ஏற வேண்டியவன் நான்.

நான் ஏறுவதற்கு முந்தின வாரம் என் பங்காளி ஒருவர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர், கதிரடிக்கும் மிஷின் வைத்திருப்பவர். முதலாளி உள்ளே போனால் பங்க்கை மூடிவிடுவார்கள், இந்த சீசனுக்கும் சாமை களத்திலேயே மட்கும், ஊர் உன்னைத்தான் திட்டும் என்றார். பொய் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார்.

"பேர மட்டும் சொல்லாத. கொட்டாய்ல குடுத்தாங்கன்னு சொல்லு, போதும். பொய்யும் இல்ல, பகையும் இல்ல."

எனக்கு அது பிடித்துப்போனது என்பதுதான் உண்மை. எங்கள் பேச்சிலேயே ஒரு ஒளிவிடம் இருக்கும்போது நான் ஏன் வெளியே வந்து நிற்க வேண்டும்? இரண்டு நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். குடுத்தாங்க, ஊத்துனாங்க, வாங்குனாங்க. வழுக்கிக்கொண்டு போனது. என் மனைவி புளி அடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் கொட்டையைத் தட்டிவிட்டுச் சொன்னாள்.

"அவுங்க உன்ன மாட்டிவுட்டப்ப யாரோ ஒருத்தருன்னா சொன்னாங்க? உம் பேரு, உங்கப்பன் பேரு, வண்டி நம்பரு எல்லாத்தையும் சொன்னாங்கல்ல?"

சொல்லிவிட்டு அடுத்த புளியை எடுத்து அடிக்கத் தொடங்கினாள். அவள் சொன்னது சரிதான். ஆனாலும் கூண்டில் ஏறும்வரை எனக்கு என் வாய்மேல் நம்பிக்கை இல்லை.

முதலாளி வெள்ளைச் சட்டையில் எதிரே நின்றிருந்தார். மச்சான் பக்கத்தில். முதலாளி என்னைப் பார்த்து அதே சிரிப்பைச் சிரித்தார். யாரம்மா எழுந்து வந்து, பலகை தொங்கிய நாட்களில் டீசல் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்.

"கொட்டாய்ல குடுத்தாங்க மேடம்" என்றேன். பழகிய வாய், தானாக வந்துவிட்டது.

"யாரு?"

அவர் குரலை உயர்த்தவில்லை, என்னை முறைக்கவும் இல்லை. டீ வைத்தது யார் என்று கேட்பாரே, அதே குரல். பதில் வரட்டும் என்று காத்திருக்கும் அதே முகம். எனக்கு என்னமோ அந்த அறையில் உட்கார்ந்திருப்பதுபோலவே ஆகிவிட்டது. அங்கே அந்தக் கேள்விக்கு எத்தனையோ முறை பதில் சொல்லியிருக்கிறேன். டீக்கடைக்காரர் பெயரைச் சொல்ல யோசித்தேனா? அதே மாதிரி இரண்டு பெயர்களையும் சொன்னேன், முதலாளி பெயரை முதலில். கையைத் தூக்கி இருவரையும் காட்டினேன். காட்டிய கையைக் கீழே இறக்கியபோது உடம்பிலிருந்து ஒரு மூட்டையை யாரோ எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடுவாரா? முதலில் நம்முது என்று சொன்னாய், அப்புறம் ஊர்க்காரர்களுடையது என்கிறாய், எது உண்மை என்று மிரட்டினார். ரெண்டும்தாங்க சார் என்றேன். நீதிபதியே குனிந்து எழுதுவதுபோலச் சிரித்ததைப் பார்த்தேன்.

தீர்ப்பு வருவதற்குள் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. தீர்ப்பன்று கோர்ட் வாசலிலிருந்தே போன் போட்டேன்.

"மேடம், தண்டனை குடுத்துட்டாங்க."

"யாருக்கு?"

"ரெண்டு பேருக்கும் மேடம்."

"யாரு குடுத்தாங்க?"

"நம்ம ஜட்ஜ் ஐயாதான் மேடம்."

 "சரிப்பா. போய் வண்டியப் பாரு" என்றார். நான் போனை வைத்துவிட்டு கோர்ட் சுற்றுச்சுவர் ஓரமாக உட்கார்ந்து நன்றாக அழுதேன். அவ்வளவு நிம்மதியாக நான் அழுததே இல்லை. அவர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள், அது அவர்கள் பாடு. பங்க் சில வாரம் மூடிக் கிடந்தது. ஊர் என்னைத் திட்டத் தொடங்குவதற்குள் வேறு ஒருவர் கைக்கு மாறித் திறந்துவிட்டது. பங்காளியின் கேன்தான் முதலில் வந்து ஏறியது. இப்போது விவசாயக் கேன்களுக்குத் தாசில்தார் கடிதம் வைத்திருக்கிறேன். பலகையும் இல்லை, கொட்டகையும் இல்லை.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மலைமேல் ஒரு வளைவில் கார் ஒன்று புகைவிட்டு நின்றிருந்தது. பக்கத்தில் குள்ளமாக ஒரு பெண், கையில் வேர்க்கடலைப் பொட்டலம். அருவி பார்க்க வந்திருக்கிறார். என்னை அவர் உடனே அடையாளம் கண்டுகொண்டார். காரைப் பார்க்க மெக்கானிக்கை அனுப்புகிறேன், நீங்கள் ஏறுங்கள் என்று சொல்லி, பின்சீட்டு ஆட்களை இன்னும் கொஞ்சம் நெருக்கினேன். உள்ளே கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி, காலை ஒடுக்கிக்கொண்டு, ஏறுகிறவரைப் பார்த்து, "யாரும்மா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கும்தான். தன்னுடைய பட்டப்பெயர் அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் கேட்டவளுக்குத் தன் பெயரை முழுதாகச் சொன்னார், அப்பா பெயரோடு சேர்த்து. பிறகு ஒரு கேனின் கைப்பிடியில் கட்டியிருந்த கத்தரிப்பூ துண்டை விரலால் நீவிக்கொண்டே, வண்டி நன்றாக ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுகிறது என்றேன்.

"இப்ப யாரோடதுப்பா இது?"

கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. என்னைச் சீண்டுகிறார் என்று புரிந்தது.

"நம்முது மேடம்."

அடுத்த கேள்விக்காக நான் காதைத் தீட்டிக்கொண்டு வண்டியை ஓட்டினேன். அவர் ஒரு கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். யார் யார் என்று கேட்கவே இல்லை.